ஒரே தடவை பேசப்போகும் அம்மாவுக்கு ஒரு மைக்

படம் எடுப்பது என்று முடிவு செய்தபோது எங்களிடம் கேமரா இருந்தது, சத்தம் பிடிக்க ஒன்றும் இல்லை. கேமரா, திருவாரூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரருடையது. கல்யாண வீடியோவுக்குச் சத்தம் எதற்கு? தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் மாமா என்ன கத்தினாலும், அதன் மேல் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார். பதினைந்து வருடம் தொழில் செய்த மனிதர், ஒரு குரலையும் ஒழுங்காகப் பதிவு செய்ததில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர். எனக்குத் தெரிந்த ஒரே ஒலிக்கருவி என் தொண்டை.

எங்கள் படத்தில் என் அம்மா பேச வேண்டும், அவ்வளவுதான் படம். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி ஊரில் நடவை நிறுத்தியிருக்கிறார்கள். அன்றைக்குப் பெண்கள் ஏதோ செய்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. என்ன செய்தார்கள் என்று ஆண்களைக் கேட்டால், "அதெல்லாம் சங்கம் பாத்துக்கிச்சு" என்பார்கள். அம்மாவைக் கேட்டால் எழுந்து ஆட்டைத் திட்டப் போய்விடுவாள். பல வருடம் நச்சரித்தபின் ஒருநாள் இறங்கி வந்தாள்.

"சொல்றேன். ஆனா ஒரு தடவதான். சரியா விழல, இன்னொருக்கா சொல்லுன்னு வந்து நிக்காத."

அம்மா ஒரு தடவை என்றால் ஒரு தடவைதான். காபி வேண்டுமா என்று அவள் கேட்டு, நாம் பதில் சொல்லத் தாமதித்தால் அன்றைக்குக் காபி கிடையாது. ஆகவே முதல் தடவையிலேயே விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் அந்த நாள் சங்கத்தின் கணக்கிலேயே போய்விடும்.

முதலில் சட்டையில் குத்தும் சின்ன மைக்கை இரவல் வாங்கி வந்தோம். சோதனைக்கு, ஆட்டைப் பற்றிப் பேசச் சொன்னோம். அம்மா ஆட்டைப் பற்றி நன்றாகவே பேசினாள். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை முந்தானையை இழுத்துவிட்டாள். போட்டுக் கேட்டால் ஆட்டையும் காணோம், அம்மாவையும் காணோம், யாரோ கீற்றுக்கொட்டகை பிரிக்கும் சத்தம்தான் வந்தது.

அடுத்தது நீள மைக். அதைத் தலைக்கு மேலே பிடிக்க ஒரு கம்பு வேண்டும். ஸ்டுடியோக்காரர் எங்கள் வீட்டுத் துரட்டியை எடுத்து அதன் முனையில் கட்டினார். காற்றுச் சத்தம் விழாமலிருக்க மைக்குக்கு மாட்டிய ரோமத்தொப்பியைப் பார்த்துத் தெருநாய்கள் அணில் என்று நினைத்துக்கொண்டன. அம்மா அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "முருங்கக்கா இந்தப் பக்கம் இல்ல தம்பி, கொல்லையில இருக்கு."

அதுவும் சரிப்படாமல், கடைசியில் திருச்சியில் மைக் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் சோப்புப் பெட்டி அளவில் ஒரு ரெக்கார்டரை எடுத்து வைத்தார். தலையில் நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு மைக். ஹெட்போனை என் காதில் மாட்டினார். கூரையில் ஒரு பல்லி நடப்பது கேட்டது. நான் அசந்துபோனேன். பல்லியே கேட்கும்போது அம்மா கேட்க மாட்டாளா? வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். எங்கள் ஊரில் இருப்பது ஒரு பல்லி மட்டும் இல்லை என்பது பஸ்ஸில் வரும்போதுகூடத் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் வைத்து அழுத்தினோம். அந்தக் கருவி எல்லாவற்றையும் கேட்டது. ஓர் ஆட்சி கொடுத்த டிவி எல்லா வீட்டிலும் ஓடியது. அடுத்த ஆட்சி கொடுத்த ஃபேனும் மிக்ஸியும் கிரைண்டரும் கூடவே ஓடின. தேர்தலில் சேராத இரண்டு கட்சிகளும் எங்கள் ஹெட்போனில் சேர்ந்துகொண்டன. மும்முனைக் கரண்ட் வந்ததும் வயலில் மோட்டார்கள் இரைந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மிராசுதார் வீடு. பிள்ளைகள் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருப்பதால் பூட்டியே கிடக்கிறது. அதன் மாடியில் குனுகும் புறாகூடத் தெளிவாக விழுந்தது. அம்மா மட்டும் எங்கேயோ தூரத்தில் இருந்தாள்.

சரி, கரண்ட் இல்லாத நேரத்தில் எடுப்போம் என்றேன். லைன்மேனுக்குப் போன் செய்து, "நாளைக்குக் கரண்ட் எப்பங்க போகும்?" என்று கேட்டேன்.

"எப்ப வரும்னுதானே எல்லாரும் கேப்பாங்க?"

"எனக்குப் போவணும்ங்க."

"உடம்பு நல்லாருக்கா டீச்சர்?" என்றார். பதினோரு மணிக்குப் போகும் என்றும் சொன்னார்.

பதினோரு மணிக்குப் போனது. டிவி நின்றது, மோட்டார் நின்றது. டிவி நின்றதும் தெருவிலிருந்த எல்லாப் பெண்களும் எங்கள் வாசலுக்கு வந்து, என்ன நடக்கிறது என்று சத்தமாக விசாரித்தார்கள். அவர்களை ஒருவழியாக அடக்கி உட்காரவைத்தால், மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் அலறியது. திருவிழா மைக்செட்காரர் பேட்டரி வைத்திருந்தார். ஸ்டுடியோக்காரர் ஓடிப்போய்க் கெஞ்சினார். பாட்டு நின்றது. மைக்செட்காரரும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்துவிட்டார்.

எங்கள் ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஊரையே கேக்குதுங்க. என் மைக்கு வாய்க்கு நேரா இருக்கறத மட்டுந்தான் கேக்கும். பக்கத்துல வெடி வெடிச்சாலும் கண்டுக்காது." கூட்டத்துக்குக் கூட்டம் எச்சில் தெறித்து நசுங்கிப்போன தன் கை மைக்கை எடுத்துவந்து நீட்டினார். திருச்சிக் கடைக்காரர் இதைச் சொல்லவேயில்லை என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அம்மா அந்த மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாங்கினாள். இரண்டு தட்டுத் தட்டினாள். ஃபூ என்று ஊதினாள்.

"வெளிய கேக்கலயே?"

"வெளிய கேக்காதும்மா. இந்த மிஷினுக்குள்ளதான் போகும்."

"மிஷினுக்குள்ள பேச எனக்கு என்ன தலையெழுத்து? குழாயக் கட்டுங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு மாதம் அலைந்து ஊரை அமைதியாக்கினால், இவள் ஒலிபெருக்கி கேட்கிறாள். ஆனால் மைக்செட்காரர் அதற்குள் வேப்பமரத்தில் ஏறிவிட்டார். குழாயை வாய்க்கால் பக்கம் திருப்பிக் கட்டினார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ரெக்கார்டருக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார். ரெக்கார்டரின் கொடுக்கு மைக்குகளும் தனியாக ஓடிக்கொண்டிருந்தன.

அம்மா எழுந்து நின்றாள். "தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தாள். தலைவர் என்று அங்கே யாரும் இல்லாததால் ஸ்டுடியோக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நடவ நிறுத்துனோம். மிராசுதாரு லாரியில வெளியூர் ஆளக் கொண்டாந்து எறக்குனாரு. நாங்க பதினாலு பொம்பளைங்க போயி, நடறதுக்குக் கட்டி வச்சிருந்த நாத்து முடி மேல உக்காந்துட்டோம். எந்திரிக்கல. நாத்து இல்லாம எத நடுவாங்க? வெயில் எறங்குறவரைக்கும் உக்காந்திருந்தோம். அப்பறந்தான் கூலி கூட்டித் தரேன்னாரு."

குழாய் வழியாகப் போன குரல் மிராசுதார் வீட்டு மாடிச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ...கூட்டித் தரேன்னாரு. புறாக்கள் பறந்தன. அம்மா நின்று அதைக் கேட்டாள். பிறகு, அது சொல்லி முடிக்கும்வரை இடம்விட்டு இடம்விட்டுப் பேசினாள்.

"அன்னைக்கு ராத்திரி வெற்றிக் கூட்டம். ஏழு ஆம்பளைங்க பேசுனாங்க. நானும் ரெண்டு வார்த்த பேசறேன்னு மேடைகிட்டப் போனேன். நேரமாயிடுச்சும்மா, போய் உக்காருன்னாங்க. சேல ஈரங்கூடக் காயல. போயி உக்காந்துட்டேன்." அதையும் சுவர் சொல்லி முடித்தது. "நன்றி, வணக்கம்." மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடமும் அவள் பேச மறுக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

மாலையில் ஸ்டுடியோக்காரர் ஹெட்போனோடு உட்கார்ந்தார். "வயர்ல வந்தது கண்ணாடியாட்டம் இருக்கு டீச்சர். இன்னொண்ணுல ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு தடவ கேக்குது. அதத் தூக்கிடலாம்."

அம்மா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்து, இரண்டையும் முழுசாகக் கேட்டாள்.

"தூக்காதீங்க தம்பி. நான் ஒரு தடவதான் சொல்லுவேன்னேன். ரெண்டாவது தடவ அந்த வீடே சொல்லட்டும்."