பஹ்ரைனை வடிகட்டிய ஹாஜா மைதீன்

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீனுக்கு உலகமெல்லாம் ஆள் உண்டு. வாடிக்கையாளரிடம் வாயைத் திறந்து விலை சொல்லவே அலுத்துக்கொள்ளும் மனிதர், மொட்டைமாடியில் ஆண்டெனா கட்டி, அமெச்சூர் ரேடியோவில் நூற்றுச் சொச்சம் நாடுகளைப் பிடித்து வைத்திருந்தார். பிடிப்பது என்றால் அரட்டை இல்லை. டிஜிட்டல் முறையில் குரலே கிடையாது. இங்கே கணினி ஊளையிடும், அங்கே ஒரு கணினி பதிலுக்கு ஊளையிடும். திரையில் ஆளுக்கொரு பெயர் மாதிரி அழைப்புக்குறி, சிக்னல் எவ்வளவு பலமாகக் கேட்கிறதென்று ஒரு எண், ஒரு வணக்கம், அவ்வளவுதான். அவர் சுபாவத்துக்கென்றே செய்த ஏற்பாடு.

டெல்டாக்காரர்கள் நாங்கள் சிலர் ஒரு டெலிகிராம் குழு வைத்திருந்தோம். எந்த நாடு கேட்கிறது என்று அவரவர் அலர்ட் போட வேண்டும். பாய் அள்ளிப் போடுவார். ஆனால் தன் திரையில் ஒரு ஃபில்டர் வைத்திருந்தார். ஏற்கெனவே பிடித்த நாடு மணியும் அடிக்கக் கூடாது, கண்ணிலும் படக் கூடாது.

பஹ்ரைனைப் பிடித்து வெகுநாளாகிறது. அந்த பஹ்ரைனுக்குத்தான் மகன் ஷஹ்பாஸ் போனான். கடையைப் பார் என்றார் பாய். மிக்ஸியே பார்சலில் வாசலுக்கு வரும் காலத்தில் இந்தக் கடையில் யார் உட்காருவது என்றான் மகன். நியாயமான கேள்வி, அதனால்தான் அவருக்கு அத்தனை கோபம். போனால் என்னோடு பேசாதே என்றுவிட்டார். அவனும் அவர் மகன்தானே, பேசவில்லை. தாய் லத்தீஃபா மட்டும் அடுப்படியில் நின்று அவனோடு போனில் பேசுவார்.

போன பெருநாள் கழிந்து ஒருநாள், எங்கள் குழுவிலிருக்கும் மயிலாடுதுறை பஞ்சநதம் கடுப்போடு பாய்க்குப் போன் போட்டார். கூப்பிடுகிறவருக்குப் பதில் தராமலிருப்பது எங்கள் கூட்டத்தில் பெரிய மரியாதைக்குறைவு.

"பாய், பஹ்ரைன்லேர்ந்து ஒருத்தர் ஒங்க குறியப் போட்டு ஒரு வாரமா கூப்புடுறாரு. நான் கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்கல."

பஹ்ரைன் தன்னிடம் இருக்கிறது, வேண்டாம் என்றார் பாய்.

"இந்த பஹ்ரைன் இருக்கான்னு பாருங்க. குறிய நெட்ல தேடுனேன், பேரு ஷஹ்பாஸ். சொந்த ஊரு திருக்காட்டுப்பள்ளின்னு போட்டிருக்காரு."

பாய் மாடிக்கு ஓடினார். பின்னாலேயே போன லத்தீஃபா அப்போதுதான் உண்மையைச் சொன்னார். அத்தா பேசத்தானே கூடாதென்றார், இதில் பேச்சே இல்லையே என்று பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். அவராகவே பார்த்துத் திகைக்கட்டும் என்று லத்தீஃபாவும் வாயை மூடிக்கொண்டிருந்தார். அத்தா வேண்டுமென்றே பதில் போடவில்லை, இன்று ஒருநாள் பார்த்துவிட்டு ரேடியோவை விற்றுவிடுகிறேன் என்று காலையில் மகன் அழாக்குறையாகச் சொல்லியிருந்தான்.

பாய் ஃபில்டரை எடுத்தார். வேண்டாமென்று ஒதுக்கிய நாடுகளெல்லாம் திரையில் வந்து விழுந்தன. அந்தக் கும்பலில் மகனைத் தேட ஆரம்பித்தார். வெயில் சாயும் நேரத்தில் தன் குறியும் ஒரு பஹ்ரைன் குறியும் ஒரே வரியில் வந்தன. பாய் அந்த வரியில் மவுஸைத் தட்டினார். எண் போனது, எண் வந்தது, வணக்கமும் முடிந்தது.

"என்ன சொல்றான்?" என்று கேட்டார் லத்தீஃபா.

"மைனஸ் பத்தொம்போது." பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம சத்தம் அவனுக்கு ரொம்பக் கொறவாக் கேக்குதாம்."

லத்தீஃபா தன் செல்போனில் மகன் எண்ணை அழுத்தி, அவர் காதில் வைத்தார்.

"கேக்குற மாதிரி பேசுங்க."