பூட்ஸில் வந்த மண்

புதுச்சேரிக் கண்காட்சிக்காரர்கள் அனுப்பிய படிவத்தில் ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. பானையோ கிண்ணமோ, அவரவர் ஊர் மண்ணில் செய்திருக்க வேண்டும். நானும் கொஞ்சமும் யோசிக்காமல், 'நெய்வேலி சுரங்கத்து வெள்ளைக் களிமண்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த மண்ணை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதுவரை பிசைந்ததெல்லாம் விருத்தாசலத்தில் மூட்டையாக வாங்கியது. தேர்வாகிவிட்டது, இரண்டு மாதத்தில் கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தபோதுதான் அந்த மண்ணுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். நாற்பது வயதில் எனக்கு முதல் கண்காட்சி. டவுன்ஷிப்பில் என் கலையைப் பார்த்தவர்கள் அதுவரை இரண்டே கேள்விதான் கேட்டிருந்தார்கள். இதில் செடி வைக்கலாமா? மூடி இருக்கா?

குவார்ட்டர்ஸ் தோட்டத்தைத் தோண்டினால் செம்மண்தான் வரும். பலா மரத்துக்கு அது போதும். என் சக்கரத்தில் வைத்தால் மணலாக உதிர்ந்துவிடும். நல்ல களிமண்ணெல்லாம் மைன்ஸுக்குள், கரிக்கு மேலே கிடக்கிறது. அங்கே தினமும் போய் வருகிறவர் என் கணவர்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை சட்டைப் பையில் கம்பெனி நட்டு ஒன்று தவறி வீட்டுக்கு வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க லீவு நாளில் கிளம்பினார். லீவில் இருக்கிறவன் கம்பெனி பஸ்ஸில் ஏறக்கூடாது என்று சைக்கிளில் போனார். அப்படிப்பட்டவரிடம் ஒரு வாளி மண் கேட்டேன்.

"அது கம்பெனி மண்ணு. கேட்ல புடிச்சா இன்னான்னு சொல்றது?"

"நீங்க எடுக்கவே வேணாங்க. சும்மா மிதிச்சிட்டு வாங்க. பூட்ஸ்ல ஒட்டினது தானா வரப்போகுது."

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். சரி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வாசலில் பேப்பர் விரித்துக் காத்திருந்தேன். ஐப்பசி மாத அடைமழையில், ஊரே முழங்கால் சேறோடு பஸ்ஸை விட்டு இறங்க, இவர் மட்டும் பளபளக்கும் பூட்ஸோடு இறங்கினார். மைன்ஸ் குழாயில் தேய்த்துக் கழுவிவிட்டாராம். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்ளோ சுத்தமா வரலைங்க!"

பிறகு நான் தெருவில் இறங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம், உங்கள் வீட்டுக்காரரை பூட்ஸ் சேற்றை என் வாசலில் உதறச் சொல்லுங்கள் என்று சொன்னேன். அவர் எதிர் வீட்டில் சொன்னார். தங்கள் வீட்டுத் தரை அழுக்காகாது என்றதும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். மூன்று ஷிப்டுக்காரர்களும் முதலில் என் வாசலில் நின்று, தொம் தொம்மென்று மிதித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். தோசைத் திருப்பியால் நான் சுரண்டி எடுத்தேன். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"அவங்கவங்க பூட்ஸு, அவங்கவங்க மனசாட்சி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒரு மாதத்தில் அரை டிரம் சேர்ந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு ஜாடி வனைந்தேன். மண்ணில் அங்கங்கே கறுப்பாகப் பொடி கலந்திருந்தது. சலித்திருக்க வேண்டும். எள்ளுருண்டை போல அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிற ஊரில் பதினைந்து வருஷம் குடியிருந்தவளுக்கு, கரி எரியும் என்பது தோன்றவில்லை.

பின்கட்டுச் சூளை புகைந்த புகையில் அக்கம்பக்கத்தில் காயப்போட்ட துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர் மேலே பார்த்தார்.

"இன்னா, இங்கயும் ஒரு பவர் யூனிட் ஓடுதா?"

சூளை ஆறியதும் திறந்தேன். எள் இருந்த இடமெல்லாம் ஓட்டை. வயிற்றில் நெடுக ஒரு விரிசல். செடிகூட வைக்க முடியாது. டிரம்மும் காலி, மழையும் விட்டுவிட்டது, கண்காட்சிக்கு எட்டே நாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்னையும் ஜாடியையும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் மதியம் அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. இரண்டு பூட்ஸிலும் கணுக்கால் வரை வெள்ளைக் களிமண். காலை அகட்டி வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பலா மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"குழாய்ல தண்ணி வரல."

அதே பஸ்ஸில் இறங்கிய எதிர் வீட்டுக்காரர், "தண்ணி வரலயா? நான் இப்பதானே கழுவிக்கினு வந்தேன்!" என்றார். என் கணவர் பூட்ஸை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, குளிக்க ஓடினார்.

இந்த முறை பழைய வேட்டியில் இரண்டு தடவை வடிகட்டினேன். டீ கிளாஸ் அளவுக்கு ஒரே ஒரு கோப்பைக்குத்தான் மண் தேறியது. சனிக்கிழமை அவர் மாதா கோயிலுக்கு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியாரிடம் என்ன சொன்னார் என்று கேட்கக் கூடாது, கேட்கவில்லை. திரும்பி வந்து ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி ஜெபம் சொன்னார். பக்கத்தில் கோப்பை காய்ந்துகொண்டிருந்தது.

கண்காட்சியில் ஆள் உயரப் பானைகளுக்கு நடுவே என் கோப்பை வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. ஒட்டுவேலை இல்லை, ஓட்டை இல்லை. ஒரு அம்மா அதைக் கையில் எடுத்து வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு, கூட வந்திருந்த என் கணவரிடம் கேட்டார்.

"சுரங்கத்து மண்ணா? கம்பெனியில கேட்டு எடுத்தீங்களா?"

இவர் பூட்ஸ் சைஸ் வரைக்கும் ஒப்பித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கழுத்தைச் சொறிந்தார்.

"கேட்டுத்தாங்க எடுத்தோம்" என்றார். அதோடு விட்டாரா? "அவங்களே சந்தோஷமா குடுத்தாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில், கடலூர் தாண்டியதும் பார்க்கிறேன், அவர் கையில் ஜெபமாலை. உதடு அசைந்துகொண்டிருந்தது.

"என்னங்க, இப்பவே?"

"தண்ணி வரலன்னு ஒரு பொய்யிக்கே சாமியார் பத்து சொல்லச் சொன்னாரு. இன்னிக்கு ரெண்டு பொய்யி. சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு வெச்சிக்கினு இருக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. மடியில் இருந்த கோப்பையைப் பைக்குள் வைத்தேன்.

"மிதிக்கச் சொன்னவ நான்தானே. பாதி நான் சொல்றேன்."

அவர் விரலால் மணிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு ஜெபமாலையின் மறுபக்கத்தை என் கையில் கொடுத்தார். வடலூர் வரும்வரை இரண்டு பேரும் ஒரே மாலையை உருட்டிக்கொண்டு வந்தோம்.