நைனா பேசாத தமிழ்

ஆந்திராவின் புத்தூரிலிருந்து ஸ்ரீசிட்டி போகும் கம்பெனி பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் ஒரு அண்ணன் உட்கார்வார். ஒட்டிய கன்னம், தூக்கம் போதாத கண்கள். தெலுங்கு மீடியத்தில் படித்தவர். தமிழ் எழுத்து அவருக்கு வந்ததே ஒரு திருநெல்வேலி எழுத்தாளரின் புத்தகங்களால்தான். செல்போனில் கதை எழுதுவதற்கு முன், அந்த எழுத்தாளர் எழுதியதில் ஒரு பக்கத்தை உதடசைத்துப் படித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

ஒருநாள் செல்போனை என்னிடம் நீட்டினார். இறந்துபோன அப்பாவைப் பற்றிய கதை. படித்துவிட்டுத் துள்ளினேன்.

"அண்ணா, அப்டியே உங்க ரைட்டர் எழுதின மாதிரியே கீதுண்ணா!"

அவர் சிரிக்கவில்லை.

"எங்க நைனா நகரியாண்ட கரும்பு வெட்டிக்கினு இருந்தவரு. வீட்டுக்கு வந்தா 'துன்னியாடா'ன்னுதான் கேப்பாரு. இதுல பாரு, 'சாப்ட்டியால'ன்னு கேக்கறாரு."

"அட, மாத்திட்டா போச்சு!"

"மாத்திப் பாத்தேன்பா. கதையே செத்துப் போச்சு. அந்தாளைப் படிக்காம எனக்கு ஒரு வரி வரல. படிச்சா நைனா வரமாட்டேன்றாரு."

அடுத்த வாரம் அவர் புத்தகம் கொண்டுவரவில்லை. எழுதவும் இல்லை. வரதய்யபாளையம் தாண்டும்போது திடீரென்று கேட்டார்.

"நீ நம்மூரு பக்கம்தானே? நைனா கேக்கற மாதிரி ஒருவாட்டி கேளேன்."

பஸ்ஸில் எல்லோரும் இருந்தார்கள். கூச்சத்தோடு கேட்டேன். "துன்னியாடா?"

கண்ணை மூடிக்கொண்டு காதுகொடுத்தார். "இல்லப்பா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் குரல் ஒத்துவரவில்லையா, ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குள் அந்தக் குரலே மிச்சமில்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.