அம்மன் அடித்த அடி

கணபதியப்பன் அதிர்ந்து பேசமாட்டார் என்று ஊரே சொல்லும். வயல் தண்ணீருக்காக வெட்டுக்குத்து வந்தால் சமாதானம் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பெண்டாட்டி வடிவாம்பாளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. கை ஒடிந்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும், முத்தாரம்மன் கோயில் கொடைவிழாவில் சாமியாடுகிறவள், விழுந்திருப்பாள் என்றார்கள். கொடை முடிந்து ஆறு மாசம் கழித்தா விழுவாள்? ஒரு பயல் கேட்கவில்லை.

ஐம்பத்தொன்றாம் வருசக் கொடையில் வடிவாம்பாள் முடி அவிழ்ந்து ஆடினாள். திருநீறு வாங்கக் கணபதியப்பன் அவள் முன்னால் குனிந்தார். அவள் கையிலிருந்த பிரம்பு அவர் முதுகில் இறங்கியது. நிமிர்ந்தவரின் வாயில் அடுத்த அடி. உதடு கிழிந்து வேட்டியெல்லாம் ரத்தம்.

பெண்கள் குலவையிட்டார்கள். சாமி அடித்தால் பீடை விலகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஓடினால் தெய்வக் குற்றம். அதனால் அவர் கைகூப்பி நின்றே அவ்வளவையும் வாங்கினார். ஒரு பல் தெறித்து மண்ணில் விழுந்தது.

மேளம் தளர்ந்தது. அடுத்த வீட்டுக்காரி என்பதால், பிரம்பை வாங்கிவிட்டுத் தண்ணீர் கொடுக்க நான்தான் போனேன். அவள் கண்ணில் ஆவேசமே இல்லை. என் காதோரம் மெதுவாகக் கேட்டாள்:

"நல்லா விழுந்துதா மைனி?"

வேலிக்கு அந்தப் பக்கம் இத்தனை வருசம் குடியிருந்தவள் இவளா?

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். மேளக்காரர்களைப் பார்த்துக் கத்தினேன்.

"நிறுத்தாதீங்கலே, கொட்டுங்க! அம்மைக்கு இன்னும் கலி அடங்கல்ல!"