சிவப்பு குறைந்த முகங்கள்

சண்முகவடிவுக்கு முப்பது வயது நடக்கும்போது அந்த மானிட்டர் பாண்டிபஜார் மாடிக்கு வந்து சேர்ந்தது. சினிமாவுக்கு கிராஃபிக்ஸ் கற்றுத்தரும் மையங்கள் தி. நகரில் சந்துக்குச் சந்து முளைத்துக்கொண்டிருந்த தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. எல்லா இடத்திலும் சாதாரணக் கம்ப்யூட்டர் திரையில்தான் பாடம். ஒன்றில் நீலம் பாயும், பக்கத்தில் இருப்பதில் மஞ்சள் தட்டும்.

"இதுல பாத்து முகத்துக்கு நிறம் வச்சா தியேட்டர்ல பொணம் மாதிரி தெரியும் சார். நிறத்தை உள்ளபடி காட்டுற மானிட்டர் ஒண்ணே ஒண்ணாவது வாங்கிக் குடுங்க" என்று, தான் பாடம் நடத்திய மையத்தின் உரிமையாளர் சிதம்பரநாதனை வடிவு ஒரு வருஷம் நச்சரித்தாள். தொல்லை தாங்காமல்தான் அவர் வாங்கினார்.

அதற்கென்று ஒரு அறையை ஒழித்து, சுவரெல்லாம் சாம்பல் வண்ணம் அடிக்கச் சொல்லி, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டாள். மானிட்டர் சூடேறி நிலைக்கு வரட்டும் என்று காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து போட்டு வைப்பாள். தன் உடை நிறம் மானிட்டர் கண்ணாடியில் விழக் கூடாதென்று வெளிறிய சேலைகளாகப் பார்த்துக் கட்டினாள். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'சாம்பல் மேடம்' என்றார்கள். அவளுக்கும் தெரியும், கண்டுகொள்ளவில்லை.

அப்பா சண்முகசுந்தரம் திருநெல்வேலியிலிருந்து வந்து உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் சேலைக் கடை வைத்தவர். கடை அண்ணன்களுக்கு. வடிவைக் கட்டிக்கொடுத்துவிட்டால் போதும் என்றிருந்தார்கள். வேலை வேலை என்று அவள் தட்டிக் கழித்துக்கொண்டே வந்ததில் வயது ஏறிவிட்டது. கடைசியாகப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வரன் கைகூடி வந்த சமயத்தில்தான் இருமல் பிடித்தது. சாயங்காலமானால் காய்ச்சல். உடம்பு உருகியது. அடையாறில் ஒரு டாக்டரிடம் படமெடுத்துப் பார்த்ததில் காசநோய் என்று தெரிந்தது.

அம்மா வேலம்மா ஆட்டோவில் வரும்போதே மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, யார்ட்டயும் மூச்சு விட்றாத. அண்ணிமார்களுக்குக் கூடத் தெரியப்படாது. தெரிஞ்சா எவன் ஒன்னயக் கட்டுவான்?"

"மாசா மாசம் வந்து காட்டச் சொல்லிருக்காரும்மா."

"அங்கன நம்ம சனம் வந்து போற எடம். யார் கண்ணுலயாவது பட்டா போச்சு. சீட்டு இருக்குல்லா, மருந்து நான் வாங்கியாறேன்."

மந்தைவெளியில் தெரியாத கடையாகப் பார்த்து அம்மா அதே சீட்டைக் காட்டி வாங்கி வந்தாள். சத்து மாத்திரை என்று வீட்டில் பேர். இருமல் நின்றது. காய்ச்சல் விட்டது. கன்னத்தில் சதை பிடித்தது. பிறகு எதற்கு டாக்டர் என்று வடிவும் விட்டுவிட்டாள்.

மழைக்காலத்தில் மாணவர்கள் வேலை தேடுவதற்கான மாதிரிப் படங்களைச் செய்துகொண்டிருந்தார்கள். நீலத் திரைக்கு முன்னால் எடுத்த ஆளை வெட்டி, வேறொரு பின்னணியில் ஒட்டி, இரண்டும் ஒரே வெயிலில் நிற்பதுபோல நிறத்தை இணக்க வேண்டும். அவர்களில் ஹம்சினி கெட்டிக்காரி. மயிலாப்பூர்ப் பெண். வங்கித் தேர்வு எழுதச் சொன்ன வீட்டோடு சண்டை போட்டு வந்தவள். ஒரு வருஷத்தில் வேலை கிடைக்காவிட்டால் அப்பா சொல்கிறபடி கேட்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் செய்திருந்த முகத்தைப் பார்த்து வடிவு உதட்டைச் சுளித்தாள். "ரத்தமே இல்லயேம்மா. சிவப்பை ஏத்து."

ஹம்சினி ஏற்றினாள். "இன்னும்" என்றாள் வடிவு. மறுபடி ஏற்றினாள்.

"மேம், இதுக்கு மேல போனா நன்னா இருக்காது. எனக்கு இப்பவே செகப்பு ஜாஸ்தியா தெரியறது."

"வீட்டு டி.வி. பாத்துப் பாத்து உன் கண்ணு கெட்டுக் கிடக்கு. இந்த மானிட்டர் பொய் சொல்லாது. நான் சொல்றதைச் செய்."

எல்லோர் முன்னாலும் சொன்னாள். எல்லாப் படத்திலும் சிவப்பு ஏறியது.

சாலிகிராமத்து ஸ்டுடியோ ஒன்று ஆள் எடுப்பதாக இருந்தது. அனுப்பிய டேப்புகள் மொத்தமாகத் திரும்பி வந்தன. குங்குமத்தை அள்ளிப் பூசின மாதிரி முகம் வைக்கிற பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஸ்டுடியோக்காரர் போனிலேயே கேட்டுவிட்டார். ஹம்சினியின் டேப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம்.

சிதம்பரநாதன் கத்தினார். "ஆசை ஆசையா வாங்க வச்சீங்களேம்மா மானிட்டர்! என்ன லட்சணம் இது?"

"மானிட்டர்தான் சார் கெட்டுப் போச்சு. கொஞ்ச நாளாவே சிவப்பு மங்கிக்கிட்டு வருது" என்றாள் வடிவு. அப்படித்தான் நம்பினாள்.

மானிட்டர் கம்பெனியிலிருந்து கருணாகரன் என்ற எஞ்சினியர் வந்தார். நிறத்தை அளக்கும் கருவியைத் திரையில் ஒட்டவைத்து ஒவ்வொரு நிறமாகப் போட்டு அளந்தார். அரை நாள் வேலை. வகுப்பே சுற்றி நின்றது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குங்க. வந்த அன்னிக்கு எப்படியோ அப்படியே இருக்கு" என்றார்.

"சிவப்புக் கட்டத்தைப் போடுங்க" என்றாள் வடிவு.

"அதுதாங்க இப்ப ஓடுது."

அவளுக்குத் திரையில் சேறு காய்ந்தாற்போல ஒரு பழுப்புதான் தெரிந்தது. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. ஹம்சினி திரையைப் பார்க்கவில்லை, இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவு மாடியிறங்கி நேரே அப்பா கடைக்கு நடந்தாள். அரக்கு, தக்காளிச் சிவப்பு, காப்பிப்பொடி என்று பட்டுகளை எடுத்துப் போடச் சொல்லி, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்தாள். வித்தியாசமே புரியவில்லை. அண்ணன், "யாருக்குட்டி சேலை?" என்றான். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கண் டாக்டர், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார். அவளால் ஒன்றிரண்டுதான் படிக்க முடிந்தது.

"ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"சத்து மாத்திரைதான்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"காசநோய்க்குச் சாப்பிடுறேன் டாக்டர்" என்றாள் வடிவு.

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். தேதியைப் பார்த்ததும் முகம் மாறியது. "இதுல ஒரு மாத்திரை சில பேருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். முதல்ல போறது நிறம்தான். அதுக்குத்தான் மாசா மாசம் வந்து காட்டச் சொல்றது. இவ்வளவு நாள் யாரும் உங்களைப் பாக்கவே இல்லையா?"

வேலம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"திரும்பி வருமா?" என்று கேட்டாள் வடிவு.

"அந்த மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடலாம். சில பேருக்கு வரும். முழுசா வரும்னு நான் சொல்ல முடியாது."

மறுநாள் ஹம்சினியைச் சாம்பல் அறைக்குள் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள் வடிவு. நோயையும் சேர்த்தே சொன்னாள். "தப்பு என் கண்ணுலம்மா. உன் வேலையில ஒரு குறையும் இல்ல. அந்த ஸ்டுடியோவுக்கு நானே வந்து சொல்றேன்."

"நான் அன்னிக்கே சொன்னேனே மேம்" என்றாள் ஹம்சினி. குரலில் கோபம்கூட இல்லை. ஸ்டுடியோவில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். தை பிறந்ததும் அவள் வரவில்லை. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று தோழி ஒருத்தி சொன்னாள்.

பாளையங்கோட்டைக்கு விஷயம் எப்படிப் போனதோ, போய்விட்டது. ஜாதகம் திரும்பி வந்தது.

மற்ற மருந்துகளிலேயே நோய் முழுவதும் குணமாகிவிட்டது. நிறம் அரைகுறையாக வந்தது. நீலமும் மஞ்சளும் தெளிந்தன. சிவப்பு தூசி படிந்ததுபோலவே நின்றுவிட்டது. சிதம்பரநாதன் ஈரமில்லாதவர் அல்ல. ஆனால் நிறம் தெரியாத ஆளை அந்த அறையில் வைத்திருக்க அவரால் முடியவில்லை. காட்சியில் ஆளின் ஓரத்தை ஒவ்வொரு ஃபிரேமாகக் கோடு போட்டு வெட்டியெடுக்கும் பாடத்தை அவளுக்குக் கொடுத்தார். அதற்குக் கறுப்பு வெள்ளை போதும். சாம்பல் அறைக்குப் புது ஆசிரியர் வந்தார்.

வேலம்மா மகளிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. காலையில் அன்றைக்குரிய சேலையையும் அதற்குப் பொருத்தமான ரவிக்கையையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போவாள். பெரும்பாலும் வடிவு அதையே உடுத்திக்கொள்வாள். சில நாள் மட்டும் அம்மா எடுத்து வைத்த ரவிக்கையைத் தள்ளிவிட்டு, அலமாரியில் கைக்கு அகப்பட்ட வேறொன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள்.