மாட்டியவன்தான் கழற்ற வேண்டும்

அன்று நான் சுவிட்சைப் போடவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள், நான் குடியிருக்கும் தாமானில் அத்தனை வீடும் கரண்ட் இல்லாமல் கிடக்க, சப்ஸ்டேஷன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு போடவில்லை. எங்கள் தெருவில் சிலர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். காட்டட்டும். நாளைக்கே அதே நிலை வந்தாலும் போட மாட்டேன்.

அதற்கு முதல் நாள் மாலை அடித்த காற்றில் கிள்ளான் பக்கம் மரங்கள் கண்ட இடத்தில் படுத்துவிட்டன. எங்கள் தாமானுக்கு வரும் லைன் மீது ஓர் அங்சானா மரம் வேரோடு சாய்ந்து, கம்பிகளைத் தரைவரை இழுத்து வந்திருந்தது. நான் குத்தகைக்காரரிடம் மின்கம்பி வேலை பார்ப்பவன். அந்தக் குழுவுக்கு நான்தான் தலை. விடிந்ததிலிருந்து மரத்தை அறுத்து, கம்பியை இழுத்துக் கட்டி, மதியம் தாண்டும்போது எங்கள் பக்கத்து வேலையை முடித்தோம். லைனின் மறுகோடி செம்பனைத் தோட்டத்து ஓரம் இருக்கிறது. வழியில் லோரி போக முடியாததால் என் கூட்டாளி மட்டும் மோட்டார்சைக்கிளில் அங்கே போயிருந்தான். பல வருஷமாக என்னோடு கம்பம் ஏறுகிறவன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லைனை அணைத்ததும் ஒவ்வொருவனும் தன் பூட்டையும் சிவப்பு அட்டையையும் தன் கையாலேயே சுவிட்சில் மாட்டுவான். வேலை முடிந்து வந்து அவனே கழற்றுவான். சாவி அவனவன் பையில் இருக்கும். கடைசிப் பூட்டும் கழன்ற பிறகுதான் கரண்ட். அட்டை தொங்கினால், எங்கோ ஒருவன் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அவன் எங்கே போயிருப்பான் என்று ஊகிக்கிற உரிமை மற்றவனுக்குக் கிடையாது.

அன்று எல்லோரும் கழற்றிவிட்டார்கள். கூட்டாளியின் அட்டை மட்டும் தொங்கியது. போன் போட்டால், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக அந்தப் பெண் குரல் மறுபடி மறுபடி சொன்னது. குழுவில் ஒருவனை அனுப்பிப் பார்த்தேன். மறுகோடியில் மோட்டார்சைக்கிள் இல்லை, கண்ணுக்கு எட்டியவரை கம்பத்தில் ஆளும் இல்லை என்று திரும்பி வந்து சொன்னான்.

அதற்குள் சுவிட்ச் இருக்கும் சப்ஸ்டேஷன் வாசலில் தாமானே கூடிவிட்டது. ஒருவர் வந்து, "அவன் எங்கயாச்சும் டீ குடிச்சிக்கிட்டு இருப்பான் லா, பாஸ். போடுங்க" என்றார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நினைப்பை நம்பி சுவிட்சைத் தட்ட முடியாது. கரண்ட் அடித்தவனைக் கம்பத்திலிருந்து இறக்கிய கை இது. அந்தக் கனம் இன்னும் தோளில் இருக்கிறது.

சூப்பர்வைசர் போனில் வந்தார். பூட்டை வெட்டிவிடு, பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். பொறுப்பை ஏற்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், உயிரோடு ஏறியவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. "அவன் குரல் என் காதுல விழணும். விழுந்தா அடுத்த நிமிஷமே வெட்டுறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

காலையில் மழையில் நனைந்து மரம் அறுத்தபோது இதே ஆட்கள்தான் பிஸ்கட்டும் மைலோவும் கொடுத்து, எங்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மதியம் தாண்டியதும் சோம்பேறி ஆகிவிட்டோம். சம்பளத்துக்கு நேரத்தை ஓட்டுகிறான் என்று என் காதுபடவே பேசினார்கள். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வேண்டுமானால் என்னைத் தாண்டிப் போகட்டும்.

கடைசியில் வந்தது என் மனைவி. அவள் வீட்டிலேயே சமைத்து விற்பவள். தீபாவளி ஆர்டருக்காக வாங்கிய ஆட்டுக்கறி ஃபிரீசரில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. மாசக்கணக்காக அலைந்து பிடித்த ஆர்டர் அது. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. இவள் சொன்னால் கேட்பான் என்று நினைத்திருப்பார்கள்.

"வெட்டச் சொல்லி உங்க பாஸே சொல்லிட்டாராம். இன்னும் என்ன வீம்பு உங்களுக்கு?" என்றாள்.

"வீம்புதான்" என்றேன்.

அவள் திரும்பிப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பொழுது சாயும் நேரத்தில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. இடுப்பில் கட்டிய சாரமும் காலில் சிலிப்பருமாக வந்து இறங்கினான் கூட்டாளி. வேலை முடிந்ததும், உடம்பெல்லாம் ஈரமாக இருக்கிறதே, துணி மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள தன் வீட்டுக்குப் போனவன், நாற்காலியில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டான். அவன் வீட்டிலும் கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. விழித்து எழுந்து நனைந்த காற்சட்டையைக் கொடியில் போடும்போது பையில் சாவி இடித்திருக்கிறது.

கூட்டம் அவனை வாய்க்கு வந்தபடி ஏசியது. நானும் ஏசினேன். ஏசும்போதே கண் கலங்கிவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் தலையைக் குனிந்தபடி உள்ளே போய்த் தன் கையால் பூட்டைக் கழற்றினான். நான் சுவிட்சைப் போட்டேன். தெருவெல்லாம் அலங்கார விளக்கு எரிந்தது. யாரும் நன்றி சொல்லவில்லை. கறி கெட்டுப்போயிருந்தது. மனைவி அதைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி வெளியே வைத்துவிட்டு, வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

ஆக, என் வீம்பு யாரையும் காப்பாற்றவில்லை. கம்பத்தில் ஆளே இல்லை. இதைத்தான் இன்றும் என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தீபாவளியன்று மதியம் கூட்டாளி குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே தயங்கி நின்றான். காலையிலிருந்து என்னோடு பேசாத என் மனைவி அவனை என் பக்கத்தில் உட்காரவைத்து இருவருக்கும் இலை போட்டாள். சோற்றை வைத்துவிட்டு, கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"ஒண்ணு கேக்குறேன், தம்பி. அங்க இவரு அட்டை தொங்கியிருந்தா? ஊரே சேர்ந்து வெட்டச் சொல்லியிருந்தா?"

அவன் இலையைப் பார்த்தபடியே சொன்னான். "தொட மாட்டேன்க்கா."

"நான் வந்து நின்னு கேட்டிருந்தா?"

"நீங்க கேட்டாலும் தொட மாட்டேன்."

அவள் குழம்புச் சட்டியை அருகே இழுத்தாள். பிறகு கோழிக் குழம்பை அள்ளி அவன் இலையில் ஊற்றினாள். "மட்டன் இல்ல. எதனாலன்னு உங்களுக்கே தெரியும். சாப்புடுங்க" என்றாள். அடுத்த கரண்டியை என் இலையில் ஊற்றினாள்.