அவள் சொன்னது அதுவல்ல

காது கேளாதவர்கள் என்றால் அமைதியானவர்கள் என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். அந்தச் சலவைக்கூடத்தில் அவளோடு ஒரு நாள் வேலை பார்த்திருந்தால் கதை கட்டியவருக்கு வாயடைத்துப் போயிருக்கும். ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளுக்கு ஆவி இஸ்திரி போடுவது அவள் வேலை. கோபம் வந்தால் இயந்திரத்தின் மூடியை ஓங்கிச் சாத்துவாள். தரை அதிரும். அந்த அதிர்வு அவளுக்குப் பாதத்தில் தெரியும். மற்றவர்களுக்குக் காது கிழியும். "மகராசி இன்னைக்கு யார் மேலயோ சூடா இருக்கா" என்று சொல்லிக்கொண்டு, துணி மடிக்கிற பெண்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடுவார்கள்.

கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோனது. பிறகு பிறந்த தங்கைதான் அவளுக்கு வாய். அக்கா பள்ளியில் கற்றுவந்த கைப்பேச்சைத் தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து பழகிக்கொண்டாள். கடையில், டாக்டரிடம், பஸ்ஸில் என்று எங்கே போனாலும் அக்கா கையால் சொல்வாள், தங்கை வாயால் சொல்வாள். தேவாலயத்திலும் அப்படித்தான். தங்கை பாடகர் குழுவில் சேர்ந்த பிறகும், அங்கே நின்றபடியே பிரசங்கத்தைக் கையால் சொல்லிக்கொண்டிருப்பாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தத் தேவாலயத்தில் ஆண்டுதோறும் சுகமளிக்கும் கூட்டம் ஒன்று நடக்கும். வரிசையில் முதல் ஆளாக அவளைத்தான் நிறுத்துவார்கள். வந்து போன போதகர்கள் ஒவ்வொருவரும் அவள் காதில் ஒவ்வொன்றைச் செய்து பார்த்தார்கள். ஒருவர் விரலை விட்டுக் குடைந்தார். ஒருவர் வாயை வைத்துக் கத்தினார். அவர் மூச்சின் ஈரம் மட்டும் கன்னத்தில் பட்டது. ஒருவர் ஜெபித்த எண்ணெயைச் சூடாக ஊற்றினார். அந்தக் காது சீழ் பிடித்து, தலையணை நனைந்து, கடைசியில் டாக்டரிடம் போனபோது அவர் திட்டிய திட்டைத் தங்கை மொழிபெயர்க்கவே இல்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள். ஊற்றியவரைத் திட்டாமல் தன்னை எதற்குத் திட்டுகிறார் என்பதுதான் புரியவில்லை.

இத்தனைக்கும் அவளுக்கு ஆண்டவரோடு எந்த மனத்தாங்கலும் கிடையாது. இஸ்திரி போட்டுக்கொண்டே அவரிடம் பேசுவாள். இரண்டு விரிப்புகளுக்கு நடுவே கை ஓய்கிற நேரத்தில் ஒரு வார்த்தை, அடுத்த விரிப்பு முடிந்ததும் இன்னொன்று. பதில் வந்ததா என்று கேட்டால் வந்தது என்பாள். எப்படி வந்தது என்று கேட்டால் முறைப்பாள்.

புதிதாக வந்த போதகர் இளைஞர், படித்தவர், பேச்சில் கெட்டிக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பேசிக்கொண்டிருக்கும்போது தங்கையின் கைகள் நின்றுவிட்டன. கூட்டம் மொத்தமும் தலையாட்டுகிறது. தங்கை மட்டும் பாட்டுத் தாளைப் புரட்டுகிறாள். வீட்டுக்கு வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏன் நிறுத்தினே?"

"ஒண்ணுமில்ல. சொன்னதையே திரும்பச் சொல்லிட்டிருந்தாரு."

"பொய். என்ன சொன்னாரு?"

தங்கை கையைப் பிசைந்தாள். பிறகு சொன்னாள். "விசுவாசம் காது வழியாத்தான் உள்ள வருமாம். காது அடைச்சிருந்தா மனசும் அடைச்சிருக்குமாம்."

மறுநாள் சலவைக்கூடத்தின் தரை மத்தியானம் வரை அதிர்ந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கறைக்காரர் வந்து எதிரே உட்கார்ந்தார். இரத்தக் கறை, மருந்துக் கறை, மசிக் கறை எல்லாவற்றையும் எடுப்பது அவர் வேலை என்பதால் அந்தப் பெயர். யூதர். அங்கே அவளோடு சரளமாகக் கையால் பேசக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவர் தம்பி காது கேளாதவர். இறந்துபோய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

அவள் போதகர் சொன்னதைச் சொன்னாள். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"எங்க ஜெபக்கூடத்துல பத்து ஆம்பளைங்க சேந்தாத்தான் சில ஜெபங்களைச் சொல்ல முடியும். சில நாள் ஒன்பது பேர் நிப்போம். பத்தாவது ஆளுக்கு எல்லாரும் வாசலையே பாத்துட்டிருப்பாங்க. என் தம்பி அங்கேயே நிப்பான், எங்களுக்கு நடுவுல."

"அவரை எண்ணலயா?"

"காது கேக்காதவன், பேச்சு வராதவன், அவனுக்குப் புத்தியும் கிடையாதுன்னு பழைய சட்டம். சின்னப் பிள்ளையையும் பைத்தியத்தையும் சேத்து வெச்ச கணக்குல அவனும். இப்ப நிறைய இடத்துல மாத்திட்டாங்க. அவன் போனப்புறம் மாத்தினாங்க."

"அப்புறமும் அங்க போறீங்களா அண்ணே?"

"போகாம? யார் மேல கோபமோ அவர் அங்கதான இருக்காரு."

எங்கள் முக்கியமான ஜெபமே 'கேள்' என்ற சொல்லில்தான் தொடங்கும், அதைச் சொல்லும்போது கையால் கண்ணை மறைத்துக்கொள்வோம் என்றும் சொன்னார். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"எனக்குக் காதுதான் இல்ல. கண்ணையும் மூடிக்கச் சொல்றீங்களா? நல்லா இருக்கே உங்க நியாயம்."

அவர் சிரித்தார். "இன்னொண்ணு கேளு. ஆண்டவரோட பேர் எழுத்துல இருக்கு. ஆனா நாங்க யாரும் அதை வாய்விட்டுச் சொல்றதில்ல."

"யாருமேவா?"

"யாருமே."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பெரிய பேச்சாளரும் சொல்லாத ஒரு பெயர். அந்தப் பெயருக்கு முன்னால் அவளும் போதகரும் ஒன்றுதான். ரொட்டியைக் கடித்துக்கொண்டே அதை நினைத்து நினைத்துத் தலையாட்டினாள். கோபம் மட்டும் இறங்கவில்லை.

அந்த ஆண்டின் சுகமளிக்கும் கூட்டத்துக்கு அவள் போகாமல் இருந்திருக்கலாம். "இந்த ஒரு தடவை வந்துடு, எனக்காக" என்று தங்கை கெஞ்சியதால் போனாள். போதகர் அவள் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்தி, கண்ணை மூடி, நெடுநேரம் ஜெபித்தார். அவர் நெற்றி நரம்பு புடைப்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கையை எடுத்து, "கேக்குதா சகோதரி?" என்றார். உதடு புரிந்தது. இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி ஜெபித்தார், மறுபடி கேட்டார். அவள் மறுபடி தலையாட்டினாள். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். எல்லா முகங்களும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டன. தங்கையின் கை சின்னதாக அசைந்தது: "உன் அவிசுவாசம் தடுக்குதாம்."

அவள் போதகரின் கையைத் தள்ளிவிட்டு மேடையின் நடுவுக்கு வந்தாள். தங்கையைப் பார்த்து, 'சொல்லு' என்றாள். பிறகு நிறுத்தி நிதானமாகக் கையால் பேசினாள்.

"ஆண்டவருக்கு என் காதுல ஒரு குறையும் தெரியல. உங்களுக்குத்தான் தெரியுது. அவர் என்கூடப் பேசிக்கிட்டுத்தான் இருக்காரு, நானும் பேசறேன். நடுவுல நீங்க யாரு? இனிமே என் காதுல கை வைக்காதீங்க."

தங்கை வாயைத் திறந்தாள். போதகரைப் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள்.

கூட்டம் எழுந்தது. கைகள் உயர்ந்தன. கிழவிகள் அழுதார்கள். போதகர் முகம் மலர்ந்து அவள் தோளைத் தட்டினார். அவள் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இந்த வார்த்தைகளுக்கு இந்த முகமா? தங்கை தலையைக் குனிந்துகொண்டபோதுதான் விளங்கியது. அவள் சொன்னது அங்கே யாருக்கும் போய்ச் சேரவில்லை.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கேட்டாள். "என்ன சொன்னே?"

"நீ ஸ்தோத்திரம் சொல்றதா சொன்னேன். மெல்ல மெல்லக் கேக்க ஆரம்பிக்குதுன்னு சொன்னேன்."

அவள் கையில் அகப்பட்ட நாற்காலியைத் தள்ளினாள். அது சுவரில் மோதி விழுந்தது. "என் வாயை வாடகைக்கு விட்டுட்டியா? யாருக்கு விட்டே?"

தங்கைக்கும் வெடித்தது. அவள் கைகள் அத்தனை வேகமாக அசைந்து அக்கா பார்த்ததில்லை. "உன் வாய், உன் வாய். பொறந்ததுல இருந்து நான் உன் வாய். என் வாய் எங்க? நீ கோபப்படுவே, அதை நான் சொல்லணும். கேக்கறவன் என் மூஞ்சியத்தான் முறைப்பான். மேடையில அந்த ஆளைப் பாத்து நடுவுல நீ யாருன்னு நான் கேக்கணும், அப்புறம் வாராவாரம் அதே இடத்துல நின்னு பாடணும். உனக்கு என்ன? கண்ணைத் திருப்பிக்கிட்டா உனக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு."

அதில் உண்மை இருந்தது. அது உறைக்கவும் செய்தது. ஆனால் உறைத்ததற்காக மன்னிப்பவள் அல்ல அவள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைப்பேச்சில் அதைவிடக் கொடிய வசவு கிடையாது.

அதோடு இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆண்டவரோடும் அவள் பேச்சை நிறுத்தினாள். வேலை நடுவே கை ஓயும்போதெல்லாம் இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டாள். பேசமாட்டேன், நீயாக வந்து கேள் என்று வீம்பு. நீ பேச்சைக் கொடுத்தாய், அதை எடுத்துச் சொல்ல ஒரு நாணயமான வாயைக் கொடுத்தாயா என்பது அவள் வழக்கு. வீம்பு நாளாக நாளாக அவளையே தின்றது. கை மரத்துப்போன மாதிரி இருந்தது. சோறு இறங்கவில்லை. ஒரு நாள் ஒரு விரிப்பைக் கருக்கிவிட்டு, புகைக்கு நடுவே நின்று, பையிலிருந்து கைகளை உருவி, அத்தனை நாள் சேர்த்துவைத்ததையெல்லாம் மேலே பார்த்துக் கொட்டினாள். திட்டுதான், வேறொன்றுமில்லை. மடிக்கிற பெண்கள் பயந்து கறைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, ஜெபம் பண்றா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டித் தீர்த்த பிறகு அவளுக்குப் பசித்தது. அன்று சாயங்காலமே கறைக்காரரிடம் கேட்டாள். "வர்ற ஞாயிறு எங்க சபையில சாட்சி சொல்ற நேரம் இருக்கு, யார் வேணாலும் எழுந்து பேசலாம். எனக்காக வந்து பேசறீங்களா?"

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "என்னால உள்ள வர முடியாதும்மா. உன் மேல வருத்தம் எதுவும் இல்ல. தேவாலயங்களால என் ஆளுங்க பட்ட பழைய காயம் நிறைய இருக்கு."

அவர் மீதும் அவளுக்குக் கோபம் வந்தது. வேண்டுமென்றே அன்று வணக்கம் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறன்று தனியாகவே போனாள். சாட்சி நேரம் வந்ததும் எழுந்து, மேடைக்குப் போகாமல் பெஞ்சுகளுக்கு நடுவே நின்று, கையால் பேசத் தொடங்கினாள். அதே வார்த்தைகள், ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முடித்தாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஒருவருக்கும் புரியவில்லை. எல்லோரும் பாடகர் குழுவைத் திரும்பிப் பார்த்தார்கள். போதகர் தங்கையிடம் குனிந்து, "என்ன சொல்றாங்க?" என்றார்.

தங்கை பாட்டுத் தாளைப் புரட்டினாள். மூன்றாம் முறை அவள் தொடங்கியபோது தங்கை பாட்டுத் தாளைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். முகம் சிவந்திருந்தது. வாய் அசைவதை அக்கா கண் கொட்டாமல் பார்த்தாள். இந்த முறை யாரும் கையைத் தூக்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சொன்ன வார்த்தைகளுக்குப் பொருத்தமாக முகங்கள் மாறின.

முடித்த பிறகும் தங்கை நிறுத்தவில்லை. இப்போது கையாலும் வாயாலும் சேர்த்தே சொன்னாள். "இது வரைக்கும் அவ சொன்னது. இனி நான் சொல்றது. போன தடவை நான் பொய் சொன்னேன். அவ ஸ்தோத்திரமும் சொல்லல, காதும் கேக்கல. இன்னொண்ணு, இனிமே நான் எல்லா வாரமும் இங்க நின்னு மொழிபெயர்க்க மாட்டேன். சபை வேற ஆளைப் பாத்துக்கணும். நானும் சில நாள் சும்மா உக்காந்து ஜெபம் பண்ணணும்."

போதகர் பாட்டு எண்ணை அறிவித்தார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வாரம் பெருமை என்ற பாவத்தைப் பற்றிப் பேசினார். சிலர் அக்காவைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆனால் அதற்குப் பிறகு சுகமளிக்கும் வரிசைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. சபையில் இரண்டு பெண்கள், எதிர்பாராத இரண்டு பேர், கைப்பேச்சு கற்க அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு விரலே வளையாது. அவளிடமும் எரிந்து விழுந்துகொண்டேதான் கற்றுக்கொடுத்தாள்.

அக்காவும் தங்கையும் மறுபடி பேசிக்கொண்டார்கள். பழைய மாதிரி இல்லை. "இன்னைக்கு நான் உனக்காகப் பேசல, களைப்பா இருக்கு" என்று தங்கை சொல்வாள். அக்கா முணுமுணுத்துக்கொண்டே கடைக்காரரிடம் விரலால் சுட்டிக்காட்டி வாங்கிவருவாள்.

இப்போதும் அவள் ஞாயிறு தவறாமல் போகிறாள். திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும்போது போதகர் ஒவ்வொருவரிடமும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். அவள் முறை வரும்போது அவள் கையை நீட்டமாட்டாள். அவர் கண்ணைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொல்லும் வரை நிற்பாள். பின்னால் வரிசை காத்திருக்கும். அவர் சொல்வார். அதற்குப் பிறகுதான் வாங்கிக்கொள்வாள்.